ஆரிஃப் படித்த இடம்

மெஹ்ரீனுக்குக் கணக்கு மேல்படிப்புக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்த செய்தி வந்த அன்று, எங்கள் சந்தில் ஒருவரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற சந்து. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். யார் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ பாஸானாலும் ஸ்வீட் எங்கே என்று நச்சரிக்கிற ஆட்கள்தான் எல்லோரும். அன்றைக்கு மட்டும் "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு அவரவர் கதவுக்குள் போய்விட்டார்கள். கிடைத்த இரண்டில் ஒன்று சென்னை. மற்றொன்று ஆரிஃப் படித்த இடம்.

ஆரிஃப் மெஹ்ரீனின் அண்ணன். கணக்கில் டாக்டர் பட்டம் வாங்குகிறேன் என்று வடக்கே, நாக்பூரையும் தாண்டி ரயில் ஏறிப் போனவன். இரண்டாம் வருஷம் ஒரு நாள் காலையில், போனைச் சார்ஜில் போட்டபடியே வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு ஹாஸ்டல் வாசலைத் தாண்டி நடந்து போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. இப்போது நாலு வருஷம் ஆகிறது.

நான் பெலிண்டா. அந்த வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். என் புருஷன் செத்துப்போய் வெகுகாலம், மகன் திருப்பூரில். மெஹ்ரீனின் அத்தா கியாசுதீன் பாய்க்குப் பெரிய கடை வீதியில் கைலி மொத்த வியாபாரம். ஈரோட்டிலிருந்து வருகிற கைலித் துண்டுகளின் இரண்டு முனைகளையும் சேர்த்து மூட்டி, நூல் வெட்டி, மடித்து, லேபிள் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பாயின் மனைவி வஹீதாவும் எனக்கு எதிரே ஒரு மிஷினில் உட்கார்ந்து மூட்டுவாள். முதலாளி பெண்டாட்டிக்கு அது தேவையில்லைதான். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது என்று, ஆரிஃப் போன பிறகு அவளாகவே வந்து உட்கார்ந்தாள். கைலி மூட்டுவதில் கட்டத்துக்குக் கட்டம் சேர வேண்டும், அவ்வளவுதான் வித்தை. வஹீதா மூட்டினால் மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

ஆரிஃபைக் காணோம் என்று போன் வந்ததும், பாயும் வஹீதாவின் தம்பி சேக் மைதீனும் கிளம்பிப் போனார்கள். "நானும் வரேன்" என்று வஹீதா ஒரு புடவையைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டாள். சேக் மைதீன்தான் அந்தப் பையைப் பிடுங்கி வைத்தான். "போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பொணக்கெடங்குன்னு அலையணும்க்கா. பொம்பள வர்ற எடமா அது?" என்றான். அந்தக் குடும்பத்துப் பெண்கள் பெற்றவர்களை அடக்கம் பண்ணினாலும் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. ஆண்கள் போய் மண் போட்டுவிட்டு வந்து சொல்வார்கள், பெண்கள் வீட்டிலிருந்து அழுவார்கள். இதிலும் அப்படித்தான் முடிந்தது. ஒரு மாசம் போலத் தேடிவிட்டு இரண்டு பேரும் கறுத்து மெலிந்து திரும்பி வந்து, "அங்க இல்ல" என்றார்கள்.

"இல்லன்னா எங்க?" என்று கேட்டாள் வஹீதா.

அந்த ஊர் ஆற்றில் அவன் காணாமல் போன வாரம் வெள்ளம் என்பதைப் பாய் என்னிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஜமாஅத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து, செத்தவர்களுக்கு ஓதுகிற ஃபாத்திஹாவையாவது பேருக்கு ஓதிவிடலாமே என்று மெதுவாக எடுத்தார்கள். "உயிரோட இருக்கற புள்ளைக்கா?" என்று வஹீதா கேட்ட கேள்வியில், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். கல்லறைத் திருநாளுக்கு என் வீட்டுக்காரருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும்போதெல்லாம் எனக்கு அவள் நினைப்பு வரும். எனக்கு மெழுகுவர்த்தி வைக்க ஒரு கல்லாவது இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.

மாடி அறை ஆரிஃபுடையது. அவன் காலேஜ் படிக்கும்போதே ஒரு சுவர் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதையே போர்டாக வைத்துக்கொண்டான். கடைசியாக லீவுக்கு வந்தபோது அதில் என்னமோ கணக்கு எழுதி, பாதியில் விட்டுவிட்டுப் போனான். வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். அந்த அறைக்கு மட்டும் ஆள் ஏறக் கூடாது. சாக்பீஸ் எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று வஹீதா அந்தச் சுவருக்கு ஒரு திரை தைத்துப் போட்டுவிட்டாள். அந்த அறையில்தான் மெஹ்ரீன் படித்தாள். ஒரு பக்கம் திரை, ஒரு பக்கம் அவள். எனக்கு அந்த அறைக்குள் போனாலே முதுகுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும்.

போன டிசம்பரில், நான் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டிய வாரம், ஒரு நாள் காலை. மாடியில் துணி காயப்போடப் போன வஹீதா போட்ட சத்தத்தில் நான் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவள் இறங்கி, செருப்புகூடப் போடாமல் சந்துக்கு வந்துவிட்டாள்.

"ஆரிஃப் வந்தான் பெலிண்டாக்கா! வந்து எழுதிட்டுப் போயிருக்கான். நீங்க யாராச்சும் பாத்தீங்களா? டீக்கடையில பாத்தீங்களா? யாராச்சும் பாத்திருப்பாங்களே!"

மேலே போய்ப் பார்த்தேன். உண்மைதான். காற்றில் திரை ஒதுங்கி இருந்தது. பழைய எழுத்துக்குக் கீழே, அதே கையெழுத்தில், புதுச் சாக்பீஸில் சில வரிகள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, மறைக்க மாட்டேன். சிலுவை போட்டுக்கொண்டேன்.

வஹீதா அடுப்பில் நெய்ச்சோறு ஏற்றினாள், தாளிச்சா வைத்தாள். ஆரிஃபுக்குத் தாளிச்சாவில் மாங்காய் போட வேண்டும். அந்த மாசத்தில் மாங்காய்க்கு எங்கே போவது? காந்தி மார்க்கெட் வரைக்கும் ஆள் அனுப்பித் தேடி வாங்கினாள். பாய் கடையிலிருந்து வந்து, தட்டு வைத்து மூடியிருந்ததைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் காலேஜிலிருந்து மெஹ்ரீன் வந்தாள். கூடத்தில் நின்று வாசனை பிடித்தாள், தட்டைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, அது நான்தாம்மா எழுதினேன்."

"பொய் சொல்லாத."

"அண்ணன் பாதியில விட்ட கணக்குமா அது. ரொம்ப நாளா யோசிச்சேன். நேத்துதான் வழி தெரிஞ்சுது. சந்தோஷத்துல எழுதிட்டேன்."

"என் புள்ள கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"எனக்கு எழுதக் கத்துக் குடுத்ததே அண்ணன்தானேமா."

வஹீதா நம்பவில்லை. கடைசியில் மெஹ்ரீன் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சாக்பீஸை எடுத்து, அவள் கண்முன்னாலேயே இன்னொரு வரி எழுதிக் காட்டினாள். அச்சு அசலாக அவன் கையெழுத்து. வஹீதா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மகளை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிள்ளைகளை அவள் கை நீட்டி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அன்றைய நெய்ச்சோற்றைச் சந்து முழுக்கப் பங்கு வைத்தோம். எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டோம், நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணனால் முடியாத கணக்கை அந்தப் பெண் முடித்திருக்கிறாள் என்பது அன்றைக்கு ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. என் மண்டையிலும்தான்.

இந்த நிலையில்தான் மெஹ்ரீனின் பரீட்சையும் இன்டர்வியூவும் முடிந்து, ஆனி மாசக் காற்று ஊரையே புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சீட் செய்தி வந்தது. கியாசுதீன் பாய் அன்று சீக்கிரமே கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நான் மடித்த கைலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எம்.எஸ்ஸி. தானே? இங்கயே திருச்சியில படிக்கட்டும்" என்றார். "காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். மெட்ராஸும் வேணாம், எதுவும் வேணாம். பெலிண்டாம்மா, நீங்களே சொல்லுங்க."

எனக்கென்ன தெரியும்? வஹீதா என்ன சொல்லப்போகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெருமுனை தாண்டவிடமாட்டாள் என்று நினைத்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்:

"வடக்கே போகட்டும். அண்ணன் படிச்ச எடத்துக்கே போகட்டும்."

பாய் எழுந்தே விட்டார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"பெரிய காலேஜ்னு நீங்கதானே சொன்னீங்க? அவனை அனுப்பும்போது ஊரெல்லாம் சொன்னீங்களே. இவளுக்கு மட்டும் ஏன் வேணாம்?"

மெஹ்ரீன் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு பேரும் மாறி மாறிப் பேசி, பாய் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவளை மாடிப்படியில் பிடித்தேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

"உனக்கு எதுடி வேணும்? அதைச் சொல்லு முதல்ல."

"சென்னை, ஆன்ட்டி."

"ஏன், அது கிட்டத்துல இருக்குன்னா?"

"அதில்ல. நான் பண்ணணும்னு நெனைக்கறது அங்கதான் இருக்கு." அவள் படியில் உட்கார்ந்து விரலால் தரையில் புள்ளிகள் வைத்தாள். "இதெல்லாம் ஊருன்னு வச்சுக்குங்க. நடுவுல ரோடு. எல்லா ஊருக்கும் ஒரே ஒரு தடவை போயிட்டு, கெளம்பின எடத்துக்கே திரும்பி வர முடியுமா? எந்த மாதிரி ரோடு இருந்தா முடியும், எப்ப முடியாது? இந்த மாதிரிக் கணக்கு."

"இது தபால்காரர் வேலைடி."

சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது. "சென்னை இன்டர்வியூல ஒரு கேள்வி குடுத்தாங்க. போர்டு முன்னாடி போய் நின்னா ஒண்ணும் ஓடல. வேர்த்து ஊத்துது. அங்க ஒரு மேடம், 'அவசரமில்ல, டீ குடிச்சிட்டு வந்து யோசி'ன்னாங்க. நெஜமாவே டீ குடிச்சேன் ஆன்ட்டி. அப்புறம் போட்டேன். போட்டதும் அங்க இருந்த எல்லாரும் இன்னொரு கேள்வி, இன்னொரு கேள்வின்னு... நேரம் போனதே தெரியல."

"அந்த வடக்கத்தி ஆளுங்க?"

அவள் முகம் மாறிவிட்டது. "அது கம்ப்யூட்டர்ல நடந்துச்சு. மொதல்ல ஒருத்தர் ஊரைக் கேட்டார், அத்தா பேரைக் கேட்டார். அப்புறம், 'நீ ஆரிஃபோட தங்கச்சியா?'ன்னார். ஆமான்னேன். ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். அதுக்கப்புறம் கேட்டதெல்லாம் சின்னப் புள்ளைங்க கேள்வி. அந்த சீட் எனக்குக் குடுத்ததில்ல ஆன்ட்டி. அண்ணனுக்காகக் குடுத்தது."

"இதை உங்கம்மாகிட்ட சொல்லேன்."

"சொன்னா, 'பாத்தியா, அவனை அங்க எல்லாரும் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க'ம்பாங்க" என்றாள். அப்படித்தான் சொல்வாள் வஹீதா, எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஓர் இடத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும். யாராவது படித்தவர்களிடம் கேட்டு முடிவு பண்ணலாம் என்று, ஸ்ரீரங்கத்தில் இருக்கிற வேதவல்லி மேடத்திடம் போவதாக ஏற்பாடாயிற்று. ஆரிஃபுக்கும் மெஹ்ரீனுக்கும் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது ரிடையராகிவிட்டார். வஹீதா துணைக்கு என்னையும் இழுத்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். காவிரியில் தண்ணீர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி, செம்மண் நிறத்தில் சுழித்துப் போகிற தண்ணீரை ஆசையாகப் பார்த்தார்கள். வஹீதா மட்டும் மடியில் இருந்த வாழைப்பழப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வெள்ளத்தைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை, ஆனாலும் ஆரிஃப் போனதிலிருந்து அவள் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

அம்மா மண்டபம் ரோட்டில் மேடத்துக்கு அபார்ட்மென்ட் வீடு. கதவைத் திறந்தவர் வஹீதாவைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தடுமாறினார்.

"வாங்கோ வாங்கோ. உக்காருங்கோ. மோர் சாப்பிடறேளா?"

மோர் வந்தது. விஷயத்தை மெஹ்ரீன் சொன்னாள். மேடம் கேட்டுவிட்டு, வஹீதா பக்கம் திரும்பினார்.

"இதுல யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்லை. சென்னைக்குத்தான் போகணும். வடக்கே இருக்கறது பெரிய இடம்தான், இல்லேங்கல. ஆனா இவ பண்ண ஆசைப்படறத அங்கே யாரும் பண்றதில்லை. அங்கே போனா, இவ அவா வேலையத்தான் பண்ணணும்."

"படிப்பு எல்லா எடத்துலயும் ஒண்ணுதானே மேடம்?" என்றாள் வஹீதா.

"இல்லை. இந்தப் படிப்புல பக்கத்துல யார் இருக்காங்கறதுதான் முக்கியம். மாட்டிண்டா கேக்கறதுக்கு மனுஷா வேணும். அது இல்லாமப் போனா..." மேடம் அங்கே நிறுத்திக்கொண்டார். யாரைப் பற்றிப் பேச்சு போகிறது என்று எங்கள் நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது.

வஹீதா டம்ளரைக் கீழே வைத்தாள். "மேடம், நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். அவன் அங்க இருக்கான். ஆம்பளைங்க போயி ஸ்டேஷன்லயும் ஆஸ்பத்திரியிலயும் தேடினாங்க. எம்புள்ள எதுக்கு ஸ்டேஷனுக்குப் போறான்? என்னமோ மனசு சரியில்லாம எங்கயோ ஒரு மூலையில கெடக்கான். அத்தா மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருக்கான். தங்கச்சி அங்க வந்திருக்கான்னு தெரிஞ்சா ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாக்க மாட்டானா?"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஹ்ரீன் அம்மாவையே பார்த்தாள். அவள் எதற்காக வடக்கே அனுப்பப்படுகிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் நடுவில் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாய் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு ஆகியிருந்தது. வஹீதாவும் நானும் மிஷினில் உட்கார்ந்திருந்தோம். மெஹ்ரீன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அத்தா, அம்மா, நான் சென்னைக்கு வரேன்னு மெயில் அனுப்பப் போறேன். உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் அனுப்பணும்னு இருக்கேன்."

வஹீதாவின் மிஷின் நின்றது.

"அப்ப அவனை யாரு தேடறது?"

"அங்க போனா நான் படிக்க மாட்டேம்மா. கிளாஸ்ல உக்காந்துக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய யாரு போறாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கே தெரியுது. அண்ணன் ரூமுலதான் இத்தனை நாளும் படிச்சேன். அந்தத் திரைக்குப் பின்னாடி அவன் நிக்கற மாதிரியே படிச்சேன். இனிமே முடியாதும்மா."

"உனக்கு அண்ணன் வேணாம், அப்படித்தானே?"

"வேணும்மா!" கத்திவிட்டாள் மெஹ்ரீன். "அவன் இருந்தா இந்தக் கணக்கை அவன்கிட்டதாம்மா மொதல்ல காட்டியிருப்பேன்."

வஹீதா கையில் இருந்த கைலியின் மூட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். மெஹ்ரீன் அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க வாங்க. கிளாஸ் ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கு. நீங்களும் நானும் போயிட்டு வரலாம். அவன் இருந்த ரூமு, சாப்பிட்ட எடம், நடந்த ரோடு எல்லாம் நீங்களே பாருங்க. எத்தனை நாள் வேணும்னாலும் தேடலாம். நான் கூட வரேன். அப்புறம் நான் சென்னைக்குப் போறேன்."

பாய் பதறினார். "நாங்க பாக்காததையா நீங்க பாக்கப் போறீங்க? பொம்பளைங்க அங்க போயி..."

எனக்கு வந்ததே ஆத்திரம். குடியிருக்கிறவள் பேசக் கூடாதுதான். "பொம்பளைங்க போகாம இருந்து நாலு வருஷமா என்ன ஆச்சு பாய்? நீங்க பாத்துட்டு வந்தீங்க, தூங்கறீங்களோ இல்லையோ, பாத்தாச்சு. அவங்க பாக்கவே இல்லையே! எப்படி ஒத்துக்குவாங்க?"

பாய் என்னை முறைக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "நான் தூங்கறதில்ல பெலிண்டாம்மா" என்றார். பிறகு மகளிடம், "ரயிலுக்கு மூணு டிக்கெட் பாரு" என்றார். மெஹ்ரீன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து சென்னைக்கு மெயிலை அனுப்பிவிட்டு, டிக்கெட்டும் பார்த்தாள்.

வடக்கே போய்விட்டுத் திரும்பி வந்த மறுநாளே வஹீதா மிஷினில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நானாக எதுவும் கேட்கவில்லை. ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரிக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"ரொம்பப் பெரிய எடம் பெலிண்டாக்கா. மரமா இருக்கு. மயிலு அது பாட்டுக்குத் திரியுது. அவன் ரூமுல இப்ப ஒரு ஒரிசாக்காரப் புள்ள இருக்கு. கதவைத் தொறந்து விட்டுட்டு, நாங்க உள்ள இருக்கட்டும்னு வெளிய போய் நின்னுச்சு. கட்டில்ல உக்காந்து பாத்தேன். ஜன்னல்ல இருந்து ரோடு தெரியுது."

"ம்."

"மத்தியானம் சோறு போடற எடத்துல வாசல்ல நின்னேன். எத்தனை புள்ளைங்க! வர வர ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். கடைசிப் புள்ள சாப்பிட்டுக் கைகழுவற வரைக்கும் நின்னேன். அந்தச் சமையக்காரரு ஒரு தட்டுல சோறும் பருப்பும் போட்டுக் கொண்டாந்து கையில குடுத்தாரு. பாஷை தெரியல. அவரும் அழுதாரு. ஆரிஃபை அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உப்பே இல்லாத பருப்பு. அதைத்தான் எம்புள்ள ரெண்டு வருஷம் தின்னுருக்கான்."

"ஆத்துக்குப் போனீங்களா?"

"போனோம். மெஹ்ரீன் கையைப் புடிச்சுக்கிட்டேன். தண்ணியையும் பாத்துட்டேன்." அவள் இரண்டு முனைகளையும் சேர்த்து, கட்டத்துக்குக் கட்டம் வைத்து, ஊசிக்குக் கீழே கொடுத்தாள். மிஷினை ஓட்டவில்லை. "அங்க இல்லக்கா அவன்" என்றாள்.

பாயும் சேக் மைதீனும் நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே சொல்தான். இவள் வாயிலிருந்து வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். அவள் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான்.

அழுது முடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம் நான். தீரவில்லை. அங்கே இருக்கிறான் என்று நம்பியவரைக்கும் அவளுக்கு ஓர் ஊர் இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் போக, எல்லா இடத்திலும் அவனைத் தேட ஆரம்பித்துவிட்டாள். பெரிய கடை வீதியில் போகும்போது எதிரே வருகிறவர்களை உற்றுப் பார்ப்பாள். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவன் திரும்புகிற வரை காத்திருப்பாள். மெஹ்ரீன் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாட்களில்கூட, அம்மா பக்கத்தில் இருந்தாளே தவிர, கண் தெருவில்தான் இருந்தது. எதை எடுத்து வைக்க, எதை விட என்று அந்தப் பெண் என்னிடம்தான் வந்து கேட்டது.

ஆடி மாசம் ஒரு காலை, வைகை எக்ஸ்பிரஸில் மெஹ்ரீனை ஏற்றிவிட ஜங்ஷனுக்குப் போனோம். பாய் சென்னை வரை கூடப் போகிறார். அவர் பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். மெஹ்ரீனுக்கு ஜன்னலோர சீட். வஹீதா அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நின்றாள். காலேஜ் திறக்கிற சமயம் என்பதால் ரயில் நிறையப் பையன்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். வஹீதாவின் கண் ஒவ்வொருவனாகப் போய்க்கொண்டிருந்தது. தாடி வைத்த ஒருவன் இரண்டு ஜன்னல் தள்ளி அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றான். அவன் இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தாள். திரும்பினான். அவள் கண் அடுத்த ஜன்னலுக்குப் போயிற்று.

"அம்மா, போயிட்டு வரேன்" என்றாள் மெஹ்ரீன்.

"ம், பத்திரம். நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள் வஹீதா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சிக்னல் விழுந்துவிட்டது. எனக்கு வஹீதாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் மெஹ்ரீன் ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு அம்மாவின் மோவாயைப் பிடித்தாள்.

"அம்மா. என்னப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்லம்மா. என்னப் பாருங்க."

வஹீதா திரும்பினாள். மகளின் நெற்றி, கண், மூக்குத்தி, அன்றைக்கு அறைந்த கன்னம் எல்லாவற்றையும் அவள் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் வாய் கோணியது. "எவ்வளவு பெரியவளா ஆயிட்டே" என்றாள்.

ரயில் நகர்ந்தது. வஹீதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், கை விட்டுப்போன பிறகும் நடந்தாள், ஆட்கள் மீது இடித்துக்கொண்டு நடந்தாள். பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் வேறு எந்த ஜன்னலையும் அவள் பார்க்கவில்லை.